‘டீகப்’ என்றால் எத்தனை கிராம்?



ஈப்போவின் தெற்குப் பக்கம் இருக்கும் குனோங் ராபாட் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? சுண்ணாம்புக் குன்றுகளும் அவற்றைக் குடைந்த குகைக் கோயில்களும் வரலாம். கூடவே ஹியோங் பியா பிஸ்கட்டும் வந்துவிடும். அந்த ஊருக்குப் போய்வரும் உறவினர்கள் கையில் ஒரு பொட்டலமாவது இருக்கும். அடுத்த முறை அப்படி ஒரு பொட்டலம் வீட்டுக்கு வந்தால், பிரிப்பதற்கு முன் அதன் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். நிகர எடை இத்தனை கிராம் என்று போட்டிருக்கும். பொட்டலமாக விற்கும் உணவில் அளவைக் குறிப்பிட வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் சொல்கின்றன. சில ரிங்கிட் பெறும் பிஸ்கட்டுக்கே இந்த ஒழுங்கு.

இப்போது ஒரு விளம்பரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உங்கள் தங்கை கைத்தொலைபேசியை நீட்டுகிறாள். வெள்ளைப் பஞ்சு உருண்டை போன்ற ஒரு நாய்க்குட்டி தேநீர்க் கோப்பைக்குள் உட்கார்ந்திருக்கிறது. கீழே, “அசல் டீகப் பூடில். வளர்ந்தாலும் இதே சைஸ்தான். கடைசி ஒரு குட்டி!” என்று எழுதியிருக்கிறது. விலை நாலாயிரம் ரிங்கிட்டுக்கு மேல். குட்டியின் எடை போடவில்லை, பிறந்த தேதியும் போடவில்லை. அப்பாவிடம் கேட்டு வாங்கித் தரச் சொல்லித் தங்கை அடம் பிடிக்கிறாள்.

“டீகப் என்றால் எத்தனை கிராம்?” என்று நீங்கள் கேட்டால் விற்பவர் என்ன பதில் சொல்வார்? அந்தக் கேள்வியின் பின்னே எவ்வளவு அறிவியல் இருக்கிறது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

அளவு உள்ள சொல், அளவு இல்லாத சொல்

மளிகைக் கடையில் முட்டை வாங்கப் போயிருப்பீர்கள். ‘ஏ’ கிரேடு, ‘பி’ கிரேடு, ‘சி’ கிரேடு என்று தனித்தனியாக அடுக்கியிருப்பார்கள். ‘ஏ’ கிரேடு முட்டை 65 முதல் 69.9 கிராம் வரை இருக்க வேண்டும். ‘பி’ என்றால் 60 முதல் 64.9 கிராம், ‘சி’ என்றால் 55 முதல் 59.9 கிராம். சொல் ஒரே எழுத்துதான் என்றாலும் அதற்குப் பின்னால் ஒரு தராசு நிற்கிறது. சந்தேகம் வந்தால் நீங்களே நிறுத்துப் பார்க்கலாம்.

தாத்தா பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவியவர்களாக இருந்தால் இன்னொரு கதை சொல்வார்கள். வாளி நிறையப் பால் கொண்டுவந்தாலும் வாளியை மட்டும் பார்த்துக் கணக்கு எழுதிவிட மாட்டார்கள். பாலில் மெட்ரோலக் என்னும் மிதவைமானியை இட்டு, அதில் உண்மையான ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். ‘ஒரு வாளி’ என்பது கண்ணுக்குத் தெரியும் அளவு. உலர்ந்த ரப்பரின் எடையே உண்மையான அளவு. இரண்டும் ஒன்றல்ல என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

நாய்களுக்கும் இப்படி அளவு உள்ள சொற்கள் இருக்கின்றன. பூடில் இனத்தை எடுத்துக்கொள்வோம். 1911-இல் தொடங்கப்பட்ட எஃப்சிஐ என்னும் அனைத்துலக நாய் வளர்ப்புக் கூட்டமைப்பு அதை நான்கு அளவுகளாகப் பிரிக்கிறது. தரையிலிருந்து தோள்பட்டையின் உச்சி வரை அளந்தால், பெரிய வகை 45 செ.மீ.க்கு மேல், நடுத்தர வகை 35 முதல் 45 செ.மீ., ‘மினியேச்சர்’ 28 முதல் 35 செ.மீ., ‘டாய்’ 24 முதல் 28 செ.மீ. அதோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. ‘டாய்’ வகைக்குக் கீழே எதுவும் இல்லை.

மற்ற இனங்களுக்கும் இப்படித்தான். சிவாவாவுக்கு உயரத்தைப் பார்ப்பதில்லை, எடையைப் பார்ப்பார்கள். எஃப்சிஐ விதிப்படி அது 3 கிலோவைத் தாண்டக்கூடாது. யோர்க்‌ஷயர் டெரியர் 3.2 கிலோ வரை இருக்கலாம். ஷி சூ 4.5 கிலோவிலிருந்து 8 கிலோ வரை.

இனி விளம்பரங்களில் வரும் சொற்களைப் பாருங்கள்: டீகப், மைக்ரோ, பாக்கெட், டைனி டாய், இம்பீரியல் ஷி சூ. எஃப்சிஐ, 1873-இல் தொடங்கிய பிரிட்டன் கென்னல் சங்கம், 1884-இல் தொடங்கிய அமெரிக்க கென்னல் சங்கம் ஆகிய மூன்றின் பட்டியலிலும் ‘டீகப்’ என்று ஓர் இனமும் இல்லை, ஓர் அளவும் இல்லை. சிவாவாவை வளர்ப்பவர்களுக்கான அமெரிக்கச் சங்கமே, இந்த அடைமொழிகளை நம்பி அதிக விலை கொடுக்க வேண்டாம் என்ற பொருள்பட எச்சரித்திருக்கிறது. ஒரு கடையில் 1 கிலோ நாய் ‘டீகப்’. பக்கத்துக் கடையில் 2.5 கிலோ நாயும் ‘டீகப்’. யாரும் பொய் சொன்னதாக நிரூபிக்க முடியாது. அளவே இல்லாத சொல்லுக்குத் தராசு எங்கே கிடைக்கும்?

இனத்தின் பெயரிலும் இந்தக் குழப்பம் உண்டு. தமிழ்நாட்டில் பல வீடுகளில் ‘பொமரேனியன்’ என்று சொல்லி வளர்த்த வெள்ளை நாய் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ் என்னும் வேறு இனம். அது பொமரேனியனைவிட உருவத்தில் பெரியது. பெயர் ஒன்று, நாய் வேறொன்று.

குட்டி ஏன் அவ்வளவு சின்னதாகத் தெரிகிறது?

விளம்பரத்தில் வந்த குட்டி உண்மையிலேயே கோப்பைக்குள் அடங்கியிருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். அடங்கும்தான். பிறந்த மனிதக் குழந்தையும் மாம்பழக் கூடைக்குள் அடங்கும். அது வளர்ந்த பிறகும் கூடைக்குள் அடங்கும் என்று யாரும் சொல்வதில்லை.

வளர்ந்தபின் 2 கிலோ இருக்கப்போகும் ஒரு சிவாவாக் குட்டி, 8 வார வயதில் சுமார் அரைக் கிலோதான் இருக்கும். சிறிய இன நாய்கள் முழு உருவத்தை அடைய 8 முதல் 12 மாதம் ஆகும். ஆக, எந்தச் சிறிய இனக் குட்டியையும் இளம் வயதில் கோப்பைக்குள் வைத்துப் படம் எடுக்கலாம். படம் சொல்வது வயதை. அதற்கு மேல் போட்ட எழுத்துதான் அதை அளவாக மாற்றிவிடுகிறது.

இதைவிட மோசமான தந்திரம் ஒன்று உண்டு. 5 வாரக் குட்டியை 8 வாரக் குட்டி என்று சொல்லி விற்பது. மூன்று வாரம் இளையது என்பதால் அது கட்டாயம் சின்னதாகத்தான் இருக்கும். “பாருங்கள், இரண்டு மாதம் ஆகியும் இவ்வளவுதான்!” என்று காட்டலாம். ஆனால் அந்தக் குட்டி தாயிடம் பால் குடிக்க வேண்டிய வயதில் இருக்கிறது. உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடிக் கடிக்கும் வலிமையைக் கட்டுப்படுத்தக் கற்க வேண்டிய வயதும் அதுதான். இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் 8 வாரத்துக்கு முன் குட்டியை விற்கக்கூடாது என்று சொல்வதற்கு இவையும் காரணம்.

வயதைச் சோதிக்க வழி இருக்கிறதா? இருக்கிறது. பற்களைப் பாருங்கள். நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. அவை மூன்றாவது வாரம் போல் முளைக்கத் தொடங்கி, 8 வாரத்துக்குள் ஏறக்குறைய எல்லாம் வந்துவிடும். கடைவாய்ப் பக்கத்துப் பால்பற்கள் இன்னும் ஈறுக்குள் இருக்கும் குட்டியைப் பார்த்தால், ‘இரண்டு மாதம்’ என்ற பேச்சைச் சந்தேகப்பட வேண்டும். கால்நடை மருத்துவர் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

“அப்பா நாயும் சின்னது, அம்மா நாயும் சின்னது”

இது விற்பவர்கள் அடிக்கடி தரும் உத்தரவாதம். மரபியல் இதற்கு என்ன சொல்கிறது?

2007-ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் ஒரு முக்கியமான ஆய்வு வெளிவந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தைச் சேர்ந்த இலேன் ஆஸ்ட்ராண்டரின் குழுவினர், போர்ச்சுகீஸ் வாட்டர் டாக் என்னும் ஒரே இனத்துக்குள் சில நாய்கள் பெரிதாகவும் சில சிறிதாகவும் இருப்பது ஏன் என்று தேடினார்கள். ஐஜிஎஃப்1 என்ற மரபணுவின் அருகே விடை கிடைத்தது. உடல் வளரக் கட்டளையிடும் ஒரு புரதத்தை அந்த மரபணு உண்டாக்குகிறது. சிறிய இன நாய்கள் பலவற்றில் அந்த மரபணுவின் ஒரே வடிவம் காணப்பட்டது.

2022-இல் அதே ஆய்வுக் குழு இன்னும் ஆழமாகப் போனது. சிறிய உருவத்துக்குக் காரணமான மாற்றம், சைபீரியாவில் 50,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் ஓநாயிடமே இருந்தது தெரியவந்தது. மனிதன் நாயைப் பழக்குவதற்கு வெகு காலம் முன்பே அது இயற்கையில் இருந்திருக்கிறது. மனிதன் அதைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினான், அவ்வளவுதான்.

ஆனால் கவனியுங்கள். நாய்களின் உருவ வேறுபாட்டில் சுமார் 15 விழுக்காட்டைத்தான் இந்த ஒரு மரபணு விளக்குகிறது. மீதிக்கு வேறு பல மரபணுக்கள் காரணம். தாயும் தந்தையும் தங்களிடம் உள்ள மரபணுக்களில் பாதிப் பாதியைத்தான் குட்டிக்குத் தருகின்றன. எந்தப் பாதி என்பது குட்டிக்குக் குட்டி மாறும். உங்கள் வீட்டிலேயே பாருங்கள். ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த அண்ணன் உயரமாகவும் தம்பி குட்டையாகவும் இருப்பதில்லையா? சின்ன நாய்கள் இரண்டுக்குப் பிறந்த குட்டியும் தாத்தாவைப் போல் வளர்ந்து நிற்கலாம். தோராயமாகச் சொல்லலாமே தவிர, ‘வளர்ந்தாலும் இதே சைஸ்தான்’ என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது.

அப்படியானால் அவ்வளவு சிறிய நாய்களை எப்படி உண்டாக்குகிறார்கள்? ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் ஒன்று மட்டும் மெலிந்து நோஞ்சானாக இருக்கும். நாம் சவலைக் குட்டி என்போம். கருப்பையில் போதிய ஊட்டம் கிடைக்காததாலோ, பிறவிக் குறையாலோ அது அப்படி இருக்கலாம். சிலர் சவலையோடு சவலையைச் சேர்த்து இனம் பெருக்குகிறார்கள். உருவம் சிறுக்கும்போது பலவீனமும் கூடவே சேர்ந்து இறங்குகிறது. இன்னும் சிலர் குட்டி பெருக்காமல் இருக்க உணவைக் குறைத்துப் போடுகிறார்கள். அது இன வளர்ப்பே இல்லை, பட்டினி போடுவது.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். சிறிய நாய் எல்லாம் நோயுள்ள நாய் அல்ல. 2, 3 கிலோ எடையுள்ள சிவாவாவும் யோர்க்‌ஷயர் டெரியரும் நல்ல பராமரிப்பில் 12 ஆண்டுகளுக்கு மேலும் துள்ளித் திரியும். இயல்பாகவே உருவம் சிறிதாகப் பிறந்து ஆரோக்கியமாக வளர்பவையும் உண்டு. இனத்துக்கு உரிய அளவுக்கும் கீழே, விற்பனைக்காக உருவத்தை இழுத்துக் குறைப்பதுதான் சிக்கல்.

சுருங்கினால் என்ன ஆகும்? ஒரு கணக்கு

இனி உயிரியலும் கணிதமும் சேரும் இடத்துக்கு வருவோம். 1 செ.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரத்தையும் 3 செ.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிறியதன் மேற்பரப்பு 6 சதுர செ.மீ., கன அளவு 1 கன செ.மீ. ஆக விகிதம் 6. பெரியதன் மேற்பரப்பு 54 சதுர செ.மீ., கன அளவு 27 கன செ.மீ. விகிதம் 2. உருவம் சிறுத்தால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு கன செ.மீ.க்கும் வெளியே அதிக மேற்பரப்பு. இங்கே மூன்று மடங்கு.

இதை நாயாக மாற்றுங்கள். 27 கிலோ லாப்ரடோரையும் 1 கிலோ குட்டி நாயையும் ஒப்பிட்டால், ஒரு கிலோ உடலுக்குச் சிறிய நாயிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு தோல் பரப்பு இருக்கிறது. உடல் வெப்பம் தோல் வழியாகத்தான் வெளியேறுகிறது. அதனால்தான் குளிப்பாட்டிய பின்போ, குளிர்சாதன அறையிலோ சின்ன நாய் வெடவெடவென்று நடுங்குகிறது. பிறந்து முதல் வாரத்தில் இருக்கும் குட்டிக்கு அப்படி நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறனும் இல்லை. தாயின் வயிற்றுச் சூடுதான் அதற்குப் போர்வை.

இழக்கும் வெப்பத்தை ஈடுகட்ட எரிபொருள் வேண்டும். ஓய்வாகப் படுத்திருக்கும் நாய்க்கு ஒரு நாளைக்கு எவ்வளவு ஆற்றல் தேவை என்பதைக் கால்நடை மருத்துவர்கள் ஒரு சூத்திரத்தால் கணிக்கிறார்கள். எடையைக் கிலோவில் எழுதுங்கள். அதற்கு வர்க்கமூலம் எடுங்கள். விடைக்கு மறுபடியும் வர்க்கமூலம் எடுங்கள். கிடைத்த எண்ணை அதனாலேயே இரண்டு முறை பெருக்கிக் கன எண் ஆக்குங்கள். கடைசியாக 70-ஆல் பெருக்குங்கள். வருவது கிலோ கலோரி.

16 கிலோ நாய்க்குச் செய்து பார்ப்போம். 16-இன் வர்க்கமூலம் 4. அதன் வர்க்கமூலம் 2. கன எண் 8. எழுபதால் பெருக்கினால் 560 கிலோ கலோரி. அதாவது ஒரு கிலோ உடலுக்கு 35. இப்போது 1 கிலோ நாய். வர்க்கமூலம் 1, கன எண்ணும் 1. விடை 70. ஒரு கிலோ உடலுக்கு 70. சரியாக இரண்டு மடங்கு! வளரும் குட்டிக்கு இதைவிடவும் கூடுதலாக வேண்டும்.

தேவை இரண்டு மடங்கு, ஆனால் சேமிப்புக் கிடங்கோ மிகச் சிறியது. நாம் இரவில் சாப்பிடாமல் தூங்கினாலும் கல்லீரலில் உள்ள கிளைக்கோஜன் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். அரைக் கிலோ குட்டியின் கல்லீரல் எவ்வளவு பெரிதாக இருந்துவிடும்? ஒரு வேளை உணவு தவறினாலே இரத்தச் சர்க்கரை இறங்கத் தொடங்கிவிடலாம். முதலில் சோர்வு, பிறகு தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு, கடைசியில் நினைவிழப்பு. “நேற்று நன்றாக விளையாடியது, காலையில் அசையவில்லை” என்று அழும் வீடுகளில் பல நேரம் நடந்தது இதுதான். இப்படிப்பட்ட குட்டிக்கு ஒரு நாளில் நான்கு வேளையாவது சிறிது சிறிதாக உணவு தர வேண்டும். குட்டி தள்ளாடினால் ஈறில் சிறிது தேனையோ சர்க்கரைக் கரைசலையோ தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். மயங்கிய குட்டியின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை

ஒளிநகல் இயந்திரத்தில் ஒரு படத்தைப் பாதியாகக் குறைத்தால் எல்லாம் ஒழுங்காகப் பாதியாகும். உயிருள்ள உடல் அப்படிக் குறைவதில்லை.

பற்களை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் 42, சிவாவாவுக்கும் 42. தாடை சுருங்கிவிட்டது, எண்ணிக்கை சுருங்கவில்லை. நெருக்கியடித்து முளைக்கும் பற்களுக்கிடையே உணவு தங்கும். பால்பல் விழாமல் நிலைப்பற்களோடு சேர்ந்து நிற்கும். ஈறு நோய் சீக்கிரம் வரும்.

மண்டையோட்டைப் பாருங்கள். கைக்குழந்தையின் தலையில் மெத்தென்று ஓர் உச்சிக்குழி இருக்குமே, அது நாய்க்குட்டிக்கும் உண்டு. பெரும்பாலான நாய்களில் அது மூடிவிடும். மிகச் சிறிய நாய்களில் பல நேரம் மூடுவதே இல்லை. மூளையில் நீர் கோர்த்துக்கொள்ளும் நோயும் இவற்றில் கூடுதலாகக் காணப்படுகிறது. முழங்கால் சில்லு இடம் விலகுவது, மூச்சுக்குழாய் தளர்ந்து அமுங்கி வாத்துச் சத்தம் போல் இருமுவது ஆகியவையும் சிறிய இனங்களுக்கே உரிய தொல்லைகள். யோர்க்‌ஷயர் டெரியர், மால்டிஸ் போன்ற இனங்களில், கல்லீரல் வழியாகப் போய்ச் சுத்தமாக வேண்டிய இரத்தம் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும் பிறவிக் குறையும் வருவதுண்டு. அப்படிப்பட்ட குட்டி வளராமல் சின்னதாகவே இருக்கும். யோசித்துப் பாருங்கள்: நோயால் வளராத குட்டிக்கே ‘டீகப்’ என்று பெயர் வைத்து அதிக விலைக்கு விற்க முடியும்!

“எறும்பு மாடியிலிருந்து விழுந்தாலும் சாவதில்லையே, சின்ன நாய்க்கு மட்டும் ஏன் ஆபத்து?” என்று உங்களில் ஒருவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. எறும்பு காற்றில் மெதுவாகத்தான் விழும், அதன் எடையும் ஒன்றுமில்லை. ஒரு கிலோ நாய் அப்படியல்ல. 18 செ.மீ. உயரமுள்ள நாய் உங்கள் கையிலிருந்து 1.2 மீட்டர் கீழே குதித்தால், அது தன் உயரத்தைப் போல் ஆறு மடங்குக்கு மேல் குதிக்கிறது. இறங்கும்போது முன்கால்கள் முதலில் தரையைத் தொடும். மிகச் சிறிய நாயின் முன்கால் எலும்பு, மணிக்கட்டுக்கு அருகே பென்சிலைவிட மெல்லியதாக இருக்கும். அந்த இடத்தில் இரத்த ஓட்டமும் குறைவு என்பதால் முறிந்தால் ஒட்டுவதும் கடினம். சோபாவிலிருந்து ஒரு குதி போதும், அறுவைச் சிகிச்சை வரை போகலாம்.

பிரசவத்தையும் மறக்கக்கூடாது. தாயின் இடுப்பு குறுகியது, குட்டியின் தலையோ அந்த அளவுக்குச் சிறுப்பதில்லை. அறுவை செய்து குட்டியை எடுக்க வேண்டிய நிலை சிறிய இனங்களில் அடிக்கடி வருகிறது. கோப்பைக்குள் இருக்கும் குட்டியைப் பார்த்து ரசிக்கும்போது, படத்தில் இல்லாத அந்தத் தாயையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

உலகிலேயே உயரம் குறைந்த நாய் என்று கின்னஸ் பதிவு பெற்ற ‘பெர்ல்’ என்ற சிவாவா 9.14 செ.மீ. உயரமும் 553 கிராம் எடையும் கொண்டது. அந்தச் சாதனையை எழுதியவர்கள் ‘டீகப்’ என்று எழுதி விட்டுவிடவில்லை. அளந்து, எண்ணால் எழுதினார்கள். அதுபோன்ற நாய் உலகில் அபூர்வம் என்பதால்தான் அது சாதனை. ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு வாரமும் கிடைக்கக்கூடிய பொருள் அல்ல அது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறதா?

மலேசியாவில் 2015-ஆம் ஆண்டு பிராணிகள் நலச் சட்டம் 2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. பிராணிகளை வைத்துத் தொழில் செய்வோர் கால்நடைச் சேவைத் துறையின் உரிமம் பெற வேண்டும். வளர்ப்பவர் தம்மிடம் உள்ள பிராணிக்குத் தேவையான உணவு, நீர், இடம், சிகிச்சை ஆகியவற்றைத் தருவது அவர் கடமை. உருவம் பெருக்காமல் இருக்க உணவைக் குறைப்பது இந்தக் கடமைக்கு நேர் எதிரானது. வதை செய்தது நிரூபணமானால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. அதில் ‘பொருள்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் பிராணிகளும் அடங்கும். பொருளின் வகை, தரம் பற்றித் தவறான எண்ணம் உண்டாகும்படி விளம்பரம் செய்வதை அந்தச் சட்டம் தடுக்கிறது. ஏமாந்தவர் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்குப் பதியலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை.

ஆனால் நடுவர் மன்றம் சான்று கேட்கும். ‘டீகப்’ என்று மட்டும் எழுதிய ரசீதை வைத்துக்கொண்டு என்ன நிரூபிப்பது? “வளர்ந்தபின் 2 கிலோவுக்குள் இருக்கும்” என்று விற்பவர் எழுதியிருந்தால் அது வேறு. எண் இருந்தால்தான் அது உண்மையா பொய்யா என்று சோதிக்க முடியும். அறிவியலிலும் அப்படித்தானே?

வாங்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. குட்டி பிறந்த தேதி என்ன? பற்களை மருத்துவர் பார்த்தாரா?

2. இன்றைய எடை எத்தனை கிராம்? போன வாரம் எத்தனை? வாரா வாரம் எடை கூடியிருக்க வேண்டும். கூடாமல் நின்றுபோன குட்டி ‘டீகப்’ அல்ல, நோயாளியாக இருக்கலாம்.

3. தாய் நாயை நேரில் பார்க்கலாமா? அதன் எடை என்ன?

4. மலேசிய கென்னல் சங்கத்தின் வம்சாவளிச் சான்றிதழ் இருக்கிறதா? இருந்தால் அதில் இனத்தின் பெயர் என்ன என்று படியுங்கள்.

5. விற்பவரிடம் உரிமம் உண்டா? தடுப்பூசி அட்டை உண்டா?

இந்த ஐந்துக்கும் தெளிவான பதில் தரும் வளர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். “நாளைக்குள் முன்பணம் கட்டாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும்” என்பதே பதிலாக வந்தால், நீங்கள் விலகி வந்துவிடலாம்.

உருவத்தில் ஏமாறாமல் இருக்க எளிய வழி இன்னொன்று உண்டு. வளர்ந்த நாயைத் தத்தெடுப்பது. ஈப்போவிலேயே பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் இருக்கிறது. இரண்டு வயது நாய் இதற்கு மேல் வளரப்போவதில்லை. அது எத்தனை கிலோ என்பதை அன்றைக்கே நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம். ‘டீகப்’ என்று வாங்கிவிட்டு, ஐந்து கிலோ ஆனதும் “ஏமாற்றிவிட்டார்கள்” என்று தெருவில் விடுவோரும் இருக்கிறார்கள். ஏமாற்றியவர் வேறு யாரோ. தண்டனை அனுபவிப்பது நாய். அது தன் உடலுக்கு உரிய அளவுக்கு வளர்ந்ததைத் தவிர வேறு தவறு செய்யவில்லை.

நீங்களே செய்து பாருங்கள்

வீட்டில் உள்ள தேநீர்க் கோப்பைகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லிலீட்டர் தண்ணீர் பிடிக்கிறது என்று அளவுக் குவளையால் அளந்து எழுதுங்கள். மிகச் சிறிய கோப்பைக்கும் மிகப் பெரிய கோப்பைக்கும் எத்தனை மடங்கு வேறுபாடு? பிறகு உங்கள் வீட்டில் நாய் இருந்தால், முதலில் நீங்கள் மட்டும் எடைபார்க்கும் கருவியில் ஏறுங்கள். அடுத்து நாயைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். இரண்டையும் கழித்தால் நாயின் எடை. மேலே சொன்ன சூத்திரத்தைப் போட்டு, அதற்கு ஓய்வில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கலோரி தேவை என்று கண்டுபிடியுங்கள்.

அந்தத் தாளைத் தங்கையிடம் காட்டுங்கள். அடுத்த முறை அவள் கைத்தொலைபேசியை நீட்டும்போது, “இது எத்தனை கிராம்? என்றைக்குப் பிறந்தது?” என்று அவளே கேட்கத் தொடங்கிவிடுவாள்.